அரையே அரைக்கால்

வெளியே முப்பத்து மூன்று பாகை.
கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றின் மேல்தளத்தில்
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குளிர்காலம்
மணிக்கு இத்தனை வெள்ளி என்று வாடகைக்குப் போகிறது.
அதன் ஓரத்தில், காலணி அலமாரிக்கும்
மின்பெட்டிக்கும் நடுவே
என் சாணைக்கல்.

ஹாக்கிக்காரர்களுக்கு இரவு பத்துக்குமேல்தான் இடம்.
அதுவரை பிறந்தநாள் பிள்ளைகள்
பிளாஸ்டிக் பென்குயினைத் தள்ளிக்கொண்டு
உழுது தீர்த்த ஐஸ்.
ஐஸ் கச்சாங் கிண்ணத்தின் அடிபோல
இளகிக் கிடக்கும்.

எந்த ஸ்கேட்டையும் குப்புறப் பிடித்துப் பாருங்கள்.
அலகின் அடி தட்டையல்ல.
நீளவாக்கில் ஒரு பள்ளம்,
பள்ளத்தின் இரு கரையில் இரண்டு விளிம்பு.
(அலகு என்றாலே என் தம்பிக்குப் பத்துமலைதான்.
கன்னத்தைத் தொட்டுக்கொள்வான்.)

எண் சிறுத்தால் பள்ளம் ஆழம்.
தலைகீழ்க் கணக்கு.
எட்டில் மூன்று, எட்டில் ஐந்து
என்று இயந்திரத்தில் பொறித்திருக்கிறது.
தமிழில் பெயரே உண்டு:
காலே அரைக்கால்.
அரையே அரைக்கால்.
பொன்னுக்கும் எண்ணெய்க்கும் ஆன எண்கள்,
ஐஸ் என்றால் என்னவென்று அறியாமலே
இங்கு வந்து பொருந்தி உட்கார்ந்துவிட்டன.
அரை, அளவு. அரை, கட்டளையும்.
காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மொந்த்ரியால் பொறியாளர், தொண்ணூற்றைந்து கிலோ,
பதினாறு வயது முதல் எட்டில் மூன்றுதான் என்றார்.
உங்கள் ஊர் ஐஸ் கல், இது குழைந்த சோறு,
கடித்தால் விடாது என்றேன்.
முக்காலுக்கு வர அவருக்கு
மூன்று வாரமும் ஒரு முழங்கால் தோலும் ஆனது.
சியூ யென் நாற்பத்தைந்து கிலோ.
ஆழமாகத் தோண்டாவிட்டால்
அவள் வந்ததே ஐஸுக்குத் தெரியாது.

துர்காஷினிக்கு எப்போதும் அரை.
அன்று அவளுடையது கடைசி ஜோடி.
மணி பத்தே முக்கால்.
வைரமுனையால் கல்லைச் சீர் செய்தேன்.
நான்கு இழுப்பு. ஆரஞ்சுப் பொறி.
பிசிறெடுத்து நகத்தில் உரசினேன்,
வெள்ளைத் தூள் வந்தது. கூர்தான்.
விளிம்புகளின் குறுக்கே
இருபது சென் காசை வைத்துப் பார்ப்பேன் வழக்கமாய்,
இரு கரையும் ஒரே உயரமா என்று.
ஒரு விநாடி வேலை.
வைக்கவில்லை.

ஏப்ரனைக் கழற்றும்போது கேட்டது,
பலகையில் மோதும் சத்தம்.
பிறகு யாரும் கத்தாத ஒரு சத்தம்.
இடது திருப்பம், இடது கால்,
வெளிவிளிம்பு பிடிக்கவில்லை.
மணிக்கட்டு.

ஸ்கேட்டை என் மேசையில் போட்டுவிட்டு
ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.
ஈரம் துடைத்தேன்; இந்த ஊர்ப் புழுக்கம்
ஒரே இரவில் அலகைச் சிவப்பாக்கிவிடும்.
பிறகு காசை வைத்தேன்.
சாய்ந்தது.

விளையாட்டும் சறுக்கல், பிழையும் சறுக்கல்.
ஒரே சொல் என்பதைக் கடைசி ரயிலில்தான் கவனித்தேன்.
யானைக்கும் அடி சறுக்கும் என்று
அப்போது யாராவது சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.
யானை சறுக்கினால் யானை விழும்.
நான் சறுக்கினால் இன்னொருத்தி.

ஐந்து வாரம் கழித்து வந்தாள்,
கையில் கட்டு, தோளில் நாடாவால் முடிந்த ஸ்கேட்.
தப்பு என்னோடது என்றேன்.
"தெரியும். மூணாவது சுத்துலயே தெரிஞ்சிருச்சி.
ரெண்டுக்கு ரெண்டு ஸ்கோர். யார் இறங்குவா?"

அரையா, என்று கேட்டேன்.
"பயம் வராத அளவு எது?"
அது இயந்திரத்தில் இல்லை.
ஆழம் கூடினால் பிடிக்கும்,
நிற்க நினைக்காதபோதும் நிறுத்திவிடும் என்றேன்.
அரையே அரைக்கால் போட்டுப் பார்ப்போமா?
"பேரு நல்லாருக்கு. போடு."

நுனியில் காசு வைத்தேன், நடுவில், குதியில்.
நடுவில் அவளே வைத்தாள், இடது கையால்.
நின்றது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பின்னால் ஒரு பிள்ளை
பென்குயினோடு விழுந்து சிரித்தது.

போகும்போது காசைப் பையில் போட்டுக்கொண்டாள்.
கேட்கவில்லை நான்.
அடுத்த ஜோடிக்குச் சில்லறை மாற்ற
கீழ்த்தளம் வரை போய்வந்தேன்.